பழைய கார்பன் ஃபோர்க்கை நம்பி ஏறலாமா?

ரோடு பைக் எனும் பந்தய வகை சைக்கிளில் செயின் அறுந்தால் காலை ஊன்றி நின்றுவிடலாம். பின் டயர் வெடித்தால் ஆடி ஆடியாவது ஓரங்கட்டிவிடலாம். முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் கவ்வி நிற்கும் ஃபோர்க் முறிந்தால் அந்த அவகாசம் கிடைக்காது. ஹேண்டில்பாரோடு சேர்ந்து ஆள் முன்னால் பாய்வார், தோளும் முகமும்தான் முதலில் தரையில் மோதும். அதனால்தான் பழைய கார்பன் ஃபோர்க் என்று பேச்செடுத்தாலே ஓட்டுபவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ‘பத்து வருஷம் தாண்டியதைத் தொடவே தொடாதே’ என்பது ஒரு கட்சி. ‘இருபது வருஷமா அதே ஃபோர்க்தான், ஒண்ணும் ஆகலையே’ என்பது மறு கட்சி.

இரண்டு பேருமே வருஷக் கணக்கைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். வருஷம் இங்கே பெரிய விஷயம் இல்லை என்பதே என் கட்சி. நன்றாகச் செய்த கார்பன் நார், அளவான சுமையில் லட்சக்கணக்கான முறை வளைந்து நிமிர்ந்தாலும் அவ்வளவு சீக்கிரம் களைத்துப்போவதில்லை. ஃபோர்க்கைக் கெடுப்பவை மூன்று: கார்பனோடு ஒட்டியிருக்கும் உலோகமும் பசையும், ஹேண்டில்பாரைப் பிணைக்கும் ஸ்டெம்மை இறுக்கிய யாரோ ஒருவரின் கை, யாரும் நமக்குச் சொல்லாத ஒரு மோதல். மூன்றில் எதுவுமே ஸ்டிக்கரில் இருக்கும் வருஷத்தைப் பார்த்தால் தெரியாது. ஃபோர்க்கை சைக்கிளின் சட்டத்திலிருந்து (ஃபிரேம்) கழற்றி வெளியே எடுத்தால்தான் தெரியும்.

இங்கே பழையது என்று நான் சொல்வது ஏறத்தாழ 1990 முதல் 2010 வரை வந்தவற்றை. டிஸ்க் பிரேக் வருவதற்கு முன், ரிம்மைப் பிடிக்கும் பிரேக் இருந்த காலத்து ஃபோர்க்குகள். இன்று பழைய மார்க்கெட்டில் சுற்றுவதில் பெரும்பாலானவை இவைதான்.

எஃகு ஃபோர்க் அறுநூறு, எழுநூறு கிராம் சாதாரணமாக இருக்கும். பந்தயம் ஓட்டுபவர்களுக்கு அதில் பாதியைக் குறைக்க முடியும் என்றால் விடுவார்களா? 1980களின் இறுதியில் அமெரிக்காவின் கெஸ்ட்ரல், பிரான்ஸின் லுக், டைம் போன்றவை கார்பன் பக்கம் தீவிரமாக இறங்கின. ஆனால் எல்லோரும் முழு ஃபோர்க்கையும் ஒரே மூச்சில் கார்பனாக்கிவிடவில்லை. முதலில் கால்கள் இரண்டும் கார்பனாயின. அவை சேரும் தோள்பட்டையான கிரவுனும், சட்டத்தின் முன்முனைக் குழாயான ஹெட் டியூபுக்குள் ஏறும் ஸ்டீயரர் குழாயும், சக்கரத்தின் அச்சு உட்காரும் நுனிகளும் எஃகாகவோ அலுமினியமாகவோ இருந்தன. அப்புறம் கிரவுனும் கார்பனாகி, ஸ்டீயரர் மட்டும் அலுமினியமாக நின்றது. 1990களின் பிற்பாதியில் ரெனால்ட்ஸ் ஓஸோ ப்ரோ போன்றவற்றில் ஸ்டீயரரும் கார்பனாயிற்று. எடை நானூறு கிராமை ஒட்டி இறங்கியது. அந்த ஃபோர்க்குகளிலும் பெரும்பாலும் நுனி மட்டும் ஒட்டவைத்த அலுமினியம்.

ஆக, ‘கார்பன் ஃபோர்க்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அது இந்த மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். விற்பவருக்கே தெரியாமல் இருப்பதும் உண்டு. ஒரு சின்ன காந்தம் கையில் இருந்தால் போதும். ஸ்டீயரரில் ஒட்டினால் எஃகு. ஒட்டாவிட்டால் குழாயின் வெட்டிய மேல் விளிம்பைப் பாருங்கள்: வெள்ளியாக மின்னினால் அலுமினியம், கருப்பாக நார் அடுக்கு தெரிந்தால் கார்பன். இதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த கேள்விக்குப் போகவே கூடாது. ஒவ்வொன்றும் கெட்டுப்போகும் விதம் வேறு.

உலோகம் என்பதால் பயமில்லை என்று நினைத்தால்

2006 ஏப்ரலில் பிரான்ஸில் நடந்த பாரி-ரூபே சைக்கிள் பந்தயத்தில் அமெரிக்க வீரர் ஜார்ஜ் ஹின்காப்பி வெற்றி பெறுவார் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். டிஸ்கவரி சேனல் அணிக்காரர், ட்ரெக் சைக்கிள். மோன்ஸ்-ஆன்-பெவெலின் கல் பாவிய சாலையில் போய்க்கொண்டிருந்தபோது ஹேண்டில்பார் அவர் கையோடு தனியாக வந்துவிட்டது. சில நொடிகள் வெறும் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி தடுமாறிவிட்டு விழுந்தார், தோள் விலகியது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்தவர்கள் பலரும் ‘கார்பன் முறிந்துவிட்டது’ என்றே முடிவு கட்டினார்கள். முறிந்தது அலுமினிய ஸ்டீயரர். அன்றைய ஓட்டத்திலேயே அவர் ஏற்கெனவே ஒருமுறை விழுந்திருந்தார்.

எனக்கு இந்தச் சம்பவத்தில் இரண்டு விஷயம் முக்கியமாகப் படுகிறது. ஒன்று, உலோகம் என்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. எஃகில் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சுமை இருந்தால் களைப்பே வராது என்று சொல்லக்கூடிய ஒரு எல்லை உண்டு. அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது. சின்னச் சுமையானாலும் போதுமான முறை வந்தால் ஒருநாள் விரிசல் விடும். பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய அலுமினிய ஸ்டீயரருக்கு வயது நிஜமாகவே ஒரு பொருட்டு. இரண்டு, விழுந்த சைக்கிளில் உடனே ஏறி ஓட்டும் வழக்கம். உலகத் தரத்தில் மெக்கானிக்குகள் பின்னால் காரில் வரும்போதே அப்படி நடக்கிறது. பழைய ஃபோர்க்கை விற்பவர் எத்தனை முறை விழுந்து எழுந்து அப்படியே ஓட்டினாரோ, நமக்கு எப்படித் தெரியும்?

அடுத்து ஒட்டு. கார்பன் காலுக்குள் அலுமினிய நுனியை எப்பாக்சி பசையால் ஒட்டியிருப்பார்கள். பசை நல்லதுதான். பிரச்சினை ஈரம். கார்பன் மின்சாரம் கடத்தும். அலுமினியத்தை அது நேரடியாகத் தொட்டு, நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்துவிட்டால் அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகிறது, அரிபடுவது அலுமினியம். அரித்த அலுமினியம் வெண்பொடியாக மாறும்போது முன்பைவிட அதிக இடம் எடுக்கும், பசையை உள்ளிருந்து தள்ளிப் பிரிக்கும். இதைத் தடுக்கத்தான் நல்ல தயாரிப்பாளர்கள் இரண்டுக்கும் நடுவில் கண்ணாடி நார் அடுக்கு ஒன்றை வைத்தார்கள். எல்லோரும் வைத்தார்களா என்றால், இல்லை. 1980களில் அலுமினிய இணைப்புகளில் கார்பன் குழாய்களை ஒட்டிச் செய்த சட்டங்கள் பல, பசை விட்டுப்போய் ஆடத் தொடங்கியதற்கு இந்த அரிப்பும் ஒரு காரணம்.

உப்பு என்றால் ஐரோப்பாக்காரர்களுக்குக் குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் கொட்டுவது. அங்கே குளிர்காலம் முழுக்க ஓடிய சைக்கிளின் ஃபோர்க் நுனியை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும். நம் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாராவாரம் ஓட்டுபவர்களுக்குக் கடல் காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். இன்னொரு உப்பையும் பலர் யோசிப்பதில்லை: வியர்வை. வீட்டுக்குள் டிரெய்னரில் மாட்டி மணிக்கணக்காக மிதிக்கும்போது வியர்வை சொட்டுச் சொட்டாக ஸ்டெம் வழியாக, ஸ்டீயரர் திரும்ப உதவும் பேரிங் தொகுதியான ஹெட்செட்டுக்குள் இறங்கும். ‘வெளியே எடுத்ததே இல்லைங்க, வீட்டுக்குள்ள டிரெய்னர்லதான் இருந்துச்சு’ என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், ஸ்டீயரரின் மேல்பகுதியைக் கூடுதலாகவே பாருங்கள்.

ஸ்டெம் பிடித்த இடம்

கார்பன் ஸ்டீயரர் என்றால் என் கண் முதலில் போவது ஸ்டெம் பிடித்திருந்த இடத்துக்கு. ஸ்டெம் என்பது ஹேண்டில்பாரை ஸ்டீயரரோடு பிணைக்கும் துண்டு. இரண்டு போல்ட்டுகள் அதைச் சுற்றி நெருக்கும். எஃகுக் குழாயைக் கொஞ்சம் அதிகமாக நெருக்கினால் ஒன்றும் ஆகாது. மெல்லிய கார்பன் குழாய் உள்நோக்கி நசுங்கும். அதைத் தடுக்க உள்ளே எக்ஸ்பாண்டர் பிளக் என்ற விரியும் அடைப்பான் போட வேண்டும். ஸ்டெம்மின் உயரத்துக்கு அது உள்ளிருந்து தாங்கு கொடுக்கும். உலோக ஸ்டீயரரில் அடிக்கும் ஸ்டார் நட் என்ற நட்சத்திர வடிவ நட்டு கார்பனுக்கு ஆகவே ஆகாது. அதன் பற்கள் உள்சுவர் நாரைக் கீறிக்கொண்டுதான் இறங்கும். ஆனாலும் பழைய கார்பன் ஸ்டீயரருக்குள் ஸ்டார் நட்டைச் சுத்தியலால் அடித்து இறக்கிய ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கீறல் உள்ளே தெரிந்தால் பேரம் பேச வேண்டியதில்லை, வேண்டாம் என்று வைத்துவிடலாம்.

எவ்வளவு இறுக்கலாம்? பெரும்பாலான ஸ்டெம்களில் போல்ட்டுக்கு ஐந்து நியூட்டன் மீட்டரை ஒட்டிய அளவே எழுதியிருக்கும். சாதாரண ஆலன் கீயால், கைக்கு வந்தபடி இறுக்கினால் இரண்டு மடங்கு போவது சர்வசாதாரணம். ஸ்டெம்மின் விளிம்பு கூராக இருந்தாலோ, பின்புறம் எடை குறைக்கப் பெரிதாக வெட்டி எடுத்திருந்தாலோ, அந்த விளிம்பு குழாயில் ஒரே கோட்டில் அழுத்தும். ஹேண்டில்பாரை உயர்த்த ஸ்டெம்முக்குக் கீழே ஸ்பேசர் வளையங்களை அடுக்கிக்கொண்டே போவதும் தப்பு. நெம்பும் நீளம் கூடிக்கொண்டே போகும். 30 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள் என்று பல தயாரிப்பாளர்கள் கையேட்டில் எழுதியிருப்பது இதனால்தான். விளம்பரப் படத்தில் ஸ்டெம்முக்குக் கீழே ஸ்பேசர் கோபுரம் நின்றால், விற்பவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமலே அந்த ஃபோர்க்கைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவிடுகிறது.

இது பழைய ஃபோர்க்குகளின் பிரச்சினை மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2021-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம், தன் உச்ச மாடலான டார்மாக் எஸ்.எல்.7-ஐ ஓட்ட வேண்டாம் என்று அறிவித்துத் திரும்ப அழைத்தது. ஸ்டீயரர் விரிசல் விடக்கூடும் என்பதே காரணம். ஹெட்செட்டின் மேல் வளையத்தையும் எக்ஸ்பாண்டர் பிளக்கையும் மாற்றிக் கொடுத்தார்கள். புத்தம் புது சைக்கிளிலேயே குழாயை எது எங்கே நெருக்குகிறது என்பது இவ்வளவு முக்கியம் என்றால், ஐந்து பேர் கை மாறிய ஃபோர்க்கில் கேட்கவா வேண்டும்.

கழற்றிய பின்

ஃபோர்க் கையில் வந்ததும் முதல் வேலை துடைப்பது. கிரீஸும் அழுக்கும் இருக்கும்வரை கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஸ்டீயரர் முழுக்கத் துடைத்துவிட்டு, வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து சாய்வாகப் பிடியுங்கள். செல்போன் டார்ச்சே போதும். நேராக அடித்தால் மறையும் கோடுகள் சாய்வு வெளிச்சத்தில் நிழலோடு எழும். ஸ்டெம் பிடித்த இடத்தில் மங்கலான தேய்ப்பு இருப்பது இயல்பு. விரல் நகத்தை மெதுவாக மேலிருந்து கீழாக இழுங்கள். நகம் எங்காவது மாட்டி நின்றால், குறிப்பாகக் குழாயைச் சுற்றி ஓடும் பிறை வடிவக் கோட்டில் மாட்டினால், அது தேய்ப்பு இல்லை, வெட்டு. வெட்டிய மேல் விளிம்பில் நார் பூப்பூவாக விரிந்திருந்தால் தப்பான ரம்பத்தால் அறுத்திருக்கிறார்கள். கொஞ்சம் கீழே அறுத்துச் சரிசெய்ய நீளம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து குழாயின் அடிப்பகுதி, கிரவுனோடு சேரும் இடம். ஃபோர்க்கில் அதிகச் சுமை விழுவது இங்கேதான். சோதனை என்று பார்த்தால் இதுவே முக்கியமான இடம், ஆனால் கிரவுன் ரேஸ் என்ற பேரிங் வளையம் இதை மூடிக்கொண்டிருக்கும். பழைய வளையத்தை உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டிக் கழற்றும் பழக்கம் எஃகு ஃபோர்க் காலத்திலிருந்து வருவது. கார்பன் கிரவுனில் அதே உளி பதிந்த பள்ளங்கள் வளையத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். வளையத்தைக் கழற்ற விற்பவர் சம்மதித்தால் நல்லது. இல்லாவிட்டால் வாங்கியதும் நீங்களே அதற்கான கருவியால் கழற்றிப் பார்க்கும்வரை ஓட்டாதீர்கள். பிரேக் போல்ட் போகும் துளையையும் விடக் கூடாது. துளையைச் சுற்றி விரிசல், உள்ளே இருக்கும் உலோகக் குழல் ஆடுவது, நீளம் போதாத நட்டைப் போட்டு இரண்டு மரை மட்டும் பிடித்திருப்பது எல்லாம் அங்கே கிடைக்கும்.

அப்புறம் கால்கள். மேல்பூச்சில் மயிரிழைக் கோடு தெரிந்தாலே உள்ளே நார் முறிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பூச்சு மட்டும் வெடித்திருக்கலாம். கோட்டின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். அசைந்தாலோ, மெத்தென்று அமுங்கினாலோ, கோட்டின் ஓரத்தில் வெள்ளைப் படலம் தெரிந்தாலோ அது பூச்சைத் தாண்டிப் போய்விட்டது. ஒரு நாணயத்தால் கால் முழுக்க மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வரலாம். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, அதே காது வேலைதான்: சத்தம் கணீரென்று வந்துகொண்டே இருந்து, ஓரிடத்தில் மட்டும் மொத்தென்று விழுந்தால் அங்கே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். உள்ளே தடிமன் மாறும் இடத்தில் சத்தமும் மாறும், அதனால் இடது காலையும் வலது காலையும் ஒரே உயரத்தில் தட்டி ஒப்பிட வேண்டும். இந்தச் சோதனை குறையைக் காட்டிக்கொடுக்கும், குறையே இல்லை என்று சான்றிதழ் தராது. சந்தேகம் தீர வேண்டுமென்றால் அல்ட்ராசவுண்ட் செய்து தரும் கார்பன் பழுதுபார்ப்பவர்கள் சில நாடுகளில் இருக்கிறார்கள், ஆனால் அந்தச் செலவு பல சமயம் ஃபோர்க்கின் விலையையே தொட்டுவிடும்.

நுனிக்கு வாருங்கள். கார்பனும் அலுமினியமும் சேரும் கோட்டில் பூச்சு கொப்பளித்திருக்கிறதா, வெண்பொடி தெரிகிறதா, சுற்றிவர வளையமாக ஒரு விரிசல் ஓடுகிறதா? வளைய விரிசல்தான் மோசம், ஒட்டு அசைந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். நுனியைக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள், கறக்கென்று சின்னச் சத்தம் கேட்டாலும் வேண்டாம். கைப்பிடியைத் திருப்பிக் கழற்றும் குவிக் ரிலீஸ் அச்சு கழன்றாலும் சக்கரம் விழாதபடி நுனியில் சின்ன உதடு ஒன்று வைத்திருப்பார்கள். அவசரக்காரர்கள் அதை அரத்தால் ராவித் தள்ளியிருப்பார்கள். அது உடனடி ஆபத்து இல்லை, ஆனால் முன்னவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லும்.

மோதல் நடந்த ஃபோர்க்கைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை சட்டத்தில் மாட்டிய பிறகும் செய்யலாம். நேரான ஒரு முன் சக்கரத்தைப் போட்டு, கிரவுனுக்கு நடுவில் ரிம் நிற்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் ஒதுங்கினால் சக்கரத்தை இடவலமாகத் திருப்பி மாட்டுங்கள். ஒதுக்கம் மறுபக்கம் போனால் குற்றம் சக்கரத்தில். அதே பக்கமே ஒதுங்கி நின்றால் ஃபோர்க்கில். செய்யும்போதே மில்லிமீட்டர் கணக்கில் கோணலாக வந்தவையும் உண்டு, ஆனால் எது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாதபோது தள்ளிவிடுவதே புத்தி. முழு சைக்கிளாக விற்கிறார்கள் என்றால் ஹெட் டியூபுக்குப் பின்னால், கீழ்க் குழாயின் அடியில் விரலை ஓட்டுங்கள். எஃகிலும் அலுமினியத்திலும் முன்மோதல் நடந்திருந்தால் அங்கே ஒரு சுருக்கம் எழும்பி நிற்கும்.

புதுப் பெயின்ட் அடித்த பழைய ஃபோர்க்கை நான் தொடமாட்டேன். பெயின்ட் உரிக்கும் ரசாயனம் கார்பனைப் பிணைத்து வைத்திருக்கும் எப்பாக்சியையும் சேர்த்தே கரைக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் வெளி நார் அறுந்திருக்கும். இரண்டையும் மூடி அழகாக ஒரு கோட் அடித்துவிட்டால் யார் பார்ப்பது.

அளவு தப்பினால்

நல்ல ஃபோர்க்காகவே இருந்தாலும் உங்கள் சட்டத்துக்கு அது பொருந்த வேண்டும். 1990களின் சட்டங்களில் ஒரு இன்ச் ஸ்டீயரர், அதாவது 25.4 மி.மீ. அதற்குப் பிறகு வந்தவை 28.6 மி.மீ. அதற்கும் பிறகு, கீழே தடித்து மேலே மெலிந்த ஸ்டீயரர் வந்தது. ஒரு இன்ச்சிலேயே கிரவுன் ரேஸ் உட்காரும் இடம் இரண்டு அளவு: 26.4, 27.0. கண்ணுக்குத் தெரியாத இந்த அரை மில்லிமீட்டரில்தான் பல பழைய கார்பன் கிரவுன்கள் செத்திருக்கின்றன. சின்ன வளையத்தைப் பெரிய இருக்கையில் அடித்து இறக்க முயன்றால் கிரவுன் பிளந்துபோகும். உலோக இருக்கையைக் கடைசல் கருவியால் குறைக்கலாம், கார்பனில் அந்த வேலையே கூடாது. வெர்னியர் காலிப்பரை எடுத்து அளந்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மரை போட்ட எஃகு ஸ்டீயரரில் கார்பன் கால் வைத்த ஃபோர்க்குகளும் அந்தக் காலத்தில் வந்தன. அவற்றுக்குக் குழாய்க்குள் இறங்கும் பழைய குவில் ஸ்டெம்தான் பொருந்தும். அந்த ஸ்டெம்மின் மேல் குறைந்தபட்ச ஆழக் கோடு இருக்கும், அது வெளியே தெரியக் கூடாது. அதன் ஆப்பு விரியும் இடம் மரைக்குக் கீழே இருக்க வேண்டும். மரை வெட்டிய இடம் குழாயிலேயே பலவீனமான இடம், உள்ளே துரு வேறு ஏறியிருக்கும்.

சைக்கிள் திரும்பும் விதமும் மாறும். ஃபோர்க் நுனி எவ்வளவு முன்னால் தள்ளி நிற்கிறது என்பதை ரேக் என்கிறார்கள். 73 டிகிரி ஹெட் டியூபும் 23 மி.மீ. டயரும் உள்ள சைக்கிளில் 43 மி.மீ. ரேக்குக்கு ட்ரெயில் (திருப்பும் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) 57 மி.மீ. அளவில் வரும், அதே இடத்தில் 50 மி.மீ. ரேக் போட்டால் ட்ரெயில் 50-க்கு இறங்கிவிடும். நுனிவிரலால் தொட்டாலே திரும்புகிற மாதிரி ஆகிவிடும். இறக்கத்தில் இது சிலருக்குப் பிடிக்காது. ஃபோர்க்கின் உயரம் பத்து மில்லிமீட்டர் மாறினாலும் ஹெட் டியூப் கோணம் அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேலேயே மாறும். டயரையும் யோசியுங்கள். அந்தக் காலத்து ஃபோர்க்குகள் 23 மி.மீ. டயருக்கு வரைந்தவை. இன்று எல்லோரும் 28 போடுகிறார்கள். கிரவுனுக்கு அடியில் இடைவெளி காகிதக் கனம் இருந்தால், டயரில் ஒட்டி வரும் ஒரு சின்னக் கல் சக்கரத்தைப் பூட்டிவிடும். அப்படி நடந்தால் ஃபோர்க் உடையாமலே நீங்கள் விழுவீர்கள்.

தரமும் திரும்பப் பெறுதலும்

ஐரோப்பாவில் பந்தய சைக்கிள்களுக்கென்றே ஈ.என். 14781 என்ற தரம் வந்தது 2005-இல். ஃபோர்க்கை முன்னும் பின்னும் 620 நியூட்டன் விசையில் லட்சம் முறை வளைத்துப் பார்க்கும் சோதனை அதில் உண்டு. பிறகு 2014-இல் ஐ.எஸ்.ஓ. 4210 அதன் இடத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய ஃபோர்க் எல்லாம் மட்டம் என்று இதற்கு அர்த்தமில்லை. டைம், லுக் போன்றவர்கள் அந்த நாளிலேயே கெட்டியாகச் செய்தார்கள். ஆனால் பெயர் தெரியாத ஒரு 1998 ஃபோர்க் எந்தச் சோதனையைத் தாண்டி வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. சந்தையில் பெரிய பெயர்களின் ஸ்டிக்கர் ஒட்டிய போலிகளும் இருக்கின்றன, அவற்றுக்கு எந்தத் தரமும் இல்லை.

பெயர் தெரிந்த ஃபோர்க் என்றால் மாடலையும் வருஷத்தையும் போட்டு, அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் திரும்பப் பெறும் பட்டியலில் தேடுங்கள். ஐந்து நிமிஷ வேலை. கேனண்டேல் 2013 முதல் 2016 வரையிலான தன் சி.ஏ.ஏ.டி.எக்ஸ். சைக்ளோகிராஸ் (மண், சேற்றுப் பாதைப் பந்தய வகை) சைக்கிள்களை முன் ஃபோர்க் பிரச்சினைக்காகத் திரும்ப அழைத்தது 2019-இல். அதாவது முதல் மாடல் வருஷத்துக்கு ஆறு வருஷம் கழித்து. அதற்குள் எத்தனையோ சைக்கிள் கை மாறியிருக்கும். வாரன்டி பெரும்பாலும் முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும், ஆனால் திரும்பப் பெறுதலில் இன்றைய உரிமையாளருக்கும் மாற்றுக் கிடைப்பதே வழக்கம். அதனால் வாங்கிய பிறகும் ஒருமுறை தேடிவிடுவது நல்லது.

ஏறிய பிறகு

மாட்டியதும் முதல் ஓட்டத்தை வீட்டைச் சுற்றியே வைத்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்தில் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் வரும் டொக் டொக் பெரும்பாலும் தளர்ந்த ஹெட்செட். அதைச் சரிசெய்து போனால் கவலையில்லை. சரிசெய்த பின்னும் வந்தால் கழற்ற வேண்டியதுதான். நேற்றுவரை இல்லாத கீச்சொலி, பிரேக் பிடிக்கும்போது புதிதாக வரும் நடுக்கம், கையை விட்டால் ஒரு பக்கம் இழுப்பது, இவை மூன்றும் ஃபோர்க் பேசும் மொழி. நடுக்கத்துக்குப் பிரேக் கட்டை முதல் ரிம்வரை வேறு பத்துக் காரணம் இருக்கலாம், இருந்தாலும் ஃபோர்க்கை முதலில் சந்தேகித்துவிட்டு மற்றதுக்குப் போங்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை ஃபோர்க்கை வெளியே எடுத்து, மேலே சொன்ன துடைப்பும் நகமும் நாணயமும் ஒரு சுற்று. பெரிய பள்ளத்திலோ, கவனிக்காத வேகத்தடையிலோ ரிம் நெளியும் அளவு அடி விழுந்தால் அந்த வருஷத்துக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே. கார் கூரையில் முன் சக்கரத்தைக் கழற்றி, நுனியில் கவ்வி நிறுத்தும் கேரியர்கள் இருக்கின்றன. ஒட்டிய நுனியுள்ள பழைய ஃபோர்க்கை அதில் பூட்டி நூறு கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் ஆடவிட எனக்கு மனம் வராது. முன் ஃபோர்க்கில் கூடை, பை தாங்கிகளைக் கவ்விப் பொருத்துவதும் வேண்டாம், கவ்வும் இடம் நசுங்கும். காலில் விரிசல் விட்டால் ஒட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஸ்டீயரர் என்றால் அவர்களில் பலரே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள்.

சரி, கடைசியில் வாங்கலாமா? 28.6 மி.மீ. ஸ்டீயரர் தேவையென்றால் பழையதைத் தனியாக வாங்குவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. அந்த அளவில் தரச் சோதனை தாண்டிய புது ஃபோர்க்குகள் கிடைக்கின்றன, மிச்சமாகும் பணம் பல் ஆஸ்பத்திரியில் ஒரு நாளுக்குக் காணாது. ஒரு இன்ச் சட்டம் வைத்திருப்பவர்கள் கதை வேறு. அந்த அளவில் புதிதாகக் கிடைக்கும் கார்பன் ஃபோர்க் அபூர்வம். அழகான பழைய சட்டத்தைப் பழைய ஃபோர்க்கோடு ஓட்டவே ஆசைப்படுவார்கள், அது நியாயமும்கூட. அவர்களுக்கு என் வரிசை இப்படி: முதல் சொந்தக்காரரிடமிருந்தே வருவது, அசல் பூச்சோடு இருப்பது, பெயர் உள்ள தயாரிப்பாளர் செய்தது, கழற்றிக் காட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் காட்டப்படுவது. இதில் ஒன்று குறைந்தாலும் நல்ல எஃகு ஃபோர்க் ஒன்றைத் தேடிக்கொள்ளலாம், கூடப்போவது முந்நூறு கிராம். உடம்பு எடை அதிகமுள்ளவர்களும், மலை இறக்கத்தில் வேகமாகப் போகிறவர்களும் நேரே எஃகுக்கே போய்விடலாம்.

வாங்கிப் பார்த்து வேண்டாம் என்று முடிவானதை அப்படியே குப்பையில் போடாதீர்கள். யாராவது எடுத்துத் துடைத்து மறுபடி விற்பார்கள். முகமூடி போட்டுக்கொண்டு, துணியை நனைத்து அடியில் விரித்து, ஸ்டீயரரைக் கிரவுனுக்கு மேலே ரம்பத்தால் அறுத்து இரண்டு துண்டாக்கிவிட்டுப் போடுங்கள். கார்பன் தூள் தோலில் பட்டால் அரிக்கும், மூச்சில் போகவே கூடாது.